தோற்றும் தொடரும் ஆட்டம்

நுழையும்முன்

தோல்வி எவருக்கும் உவப்பானதன்று. தேர்வில் மதிப்பெண் குறைந்தால் வருந்துகிறோம். ஓட்டப்பந்தயத்தில் பின்தங்கினால் முகம் வாடுகிறோம். ஆயினும், ஒரு மணி நேரத்தில் நூறு முறை நம்மைத் தோற்கடிக்கும் காணொளி விளையாட்டை நாமே தேடிச் செல்கிறோம். சினந்து திறன்பேசியைக் கீழே வைத்த கை, சிறிது நேரத்தில் அதையே மீண்டும் எடுக்கிறது. இம்முரண்பாடு எங்கிருந்து தோன்றுகிறது என்பதை, உலகறிந்த சில விளையாட்டுகளின் அமைப்பைக்கொண்டு ஆராய்கிறது இப்பாடம்.

ஒரு விரலும் ஒரு பறவையும்

வியட்நாம் தலைநகரான ஹனோயை அடுத்துள்ள வான் ஃபுக் என்னும் ஊர் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றது. அவ்வூரில் வளர்ந்த டோங் நுயென் என்னும் இளைஞர், 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் 'ஃபிளாப்பி பேர்ட்' என்னும் சிறு விளையாட்டை வெளியிட்டார். அதனை உருவாக்க அவருக்குச் சில நாள்களே தேவைப்பட்டன. தொடர்வண்டியில் நின்றுகொண்டு, ஒரு கையால் பிடிவாரைப் பற்றியிருக்கும் பயணி, மறுகையின் ஒரு விரலால் ஆடத்தக்கதாக அது இருத்தல் வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

விளையாட்டின் விதியை ஒரு தொடரில் கூறிவிடலாம். திரையைத் தொட்டால் பறவை சற்று மேலெழும். தொடாவிட்டால் கீழே விழும். எதிரே வரும் பச்சைக் குழாய்களின் இடைவெளி வழியே அது பறந்து செல்ல வேண்டும். ஒரு குழாயைக் கடந்தால் ஒரு புள்ளி. எதன்மீது பட்டாலும் ஆட்டம் முடிந்தது. முதன்முதலில் ஆடுவோர் பலர் ஒரு புள்ளியும் பெறாமலே வீழ்வர். பத்துப் புள்ளிகள் பெற்றவருக்கு வெண்கலப் பதக்கம் காட்டப்பட்டது என்பதிலிருந்தே அதன் கடுமையை உணரலாம்.

இங்கு நுட்பமாக நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இவ்விளையாட்டில் கடுமை கூடிக்கொண்டே செல்வதில்லை. குழாய்களுக்கிடையே உள்ள வழியின் அகலம் என்றும் மாறுவதில்லை. அது அமையும் உயரம் மட்டுமே மாறுகிறது. பறவையின் வேகமும் மாறுவதில்லை. எட்டாவது குழாய், முதற் குழாயைவிட ஒரு சிறிதும் கடினமானதன்று. ஏழு குழாய்களைக் கடந்தவர் எட்டாவதில் வீழ்ந்தால், 'என்னால் இயலாதது' என்று அவர் சொல்ல இயலாது. 'இயன்றதைத் தவறவிட்டேன்' என்றே சொல்ல இயலும். இவ்விரண்டு தொடர்களுக்கும் இடையே உள்ள வேறுபாடே அவரை மீண்டும் தொடச் செய்கிறது. தொட்ட அந்நொடியிலேயே அடுத்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது.

2014 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக்கடையில் இலவசச் செயலிகளுள் அது முதலிடம் பெற்றது. அடுத்த மாதமே, உருவாக்கியவர் தம் கையாலேயே அதனை நீக்கினார். அவர் அவ்வாறு செய்த காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

நாணயத்துக்காகப் பிறந்த கடுமை

காணொளி விளையாட்டுகள் கடினமாக இருப்பதற்கு முதற் காரணம் கலையன்று, வணிகமே. 1970களில் இவ்விளையாட்டுகள் கடைகளில் வைக்கப்பட்ட பெரிய பெட்டிகளில் இருந்தன. நாணயம் இட்டால்தான் ஆட்டம். ஒருவர் ஒரே நாணயத்தில் ஒரு மணி நேரம் ஆடினால் கடைக்காரருக்கு இழப்பு. இரண்டு நிமிடத்தில் ஒன்றும் புரியாமல் தோற்று வெளியேறினாலும் இழப்பே, ஏனெனில் அவர் திரும்பி வரார். 'இன்னும் ஒரே ஒரு முறை' என்ற எண்ணத்தோடு அவர் தோற்க வேண்டும். இந்த எல்லையைக் கண்டறிவதே அன்றைய வடிவமைப்பாளரின் தொழில் திறமாக இருந்தது.

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்திற்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இதற்குச் சிறந்த சான்று. வானிலிருந்து 55 பகை உருவங்கள் அணிவகுத்து இறங்குகின்றன. ஆடுவோர் கீழிருந்து அவற்றைச் சுட வேண்டும். அக்கால நுண்செயலியின் ஆற்றல் மிகக் குறைவாதலால், 55 உருவங்களையும் வரையும்போது அவை மெல்ல நகர்ந்தன. சுடச் சுட உருவங்கள் குறைந்தன. குறையக் குறைய எஞ்சியவை விரைந்தன. இது எவரும் திட்டமிடாத விளைவு. அதனைக் குறையென நீக்காமல் நிஷிகாடோ அப்படியே வைத்துக்கொண்டார். விளைவு என்ன? ஆடுவோர் வெற்றியை நெருங்கும்போதுதான் ஆட்டம் கடினமாகிறது. ஒரே ஓர் உருவம் எஞ்சியிருக்கையில் நெஞ்சு மிக விரைந்து துடிக்கிறது. வெற்றியின் வாயிலிலேயே தோல்வியை நிறுத்தும் உத்தியை, நுண்செயலியின் வலுவின்மை கற்றுக்கொடுத்தது.

1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்' இன்னும் ஒரு படி சென்றது. அதில் வெற்றி என்பதே இல்லை. கட்டைகள் விழுந்துகொண்டே இருக்கும்; விரைவு கூடிக்கொண்டே செல்லும்; என்றேனும் ஒரு கணத்தில் கட்டைகள் மேல் விளிம்பைத் தொட்டே தீரும். எப்போது தோற்பது என்பதே வினா. 1989இல் நின்டென்டோ வெளியிட்ட டெட்ரிஸ் வடிவத்தை, அதன் நிரலே செயலிழந்து திரை உறையும் வரை, 2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் ஆடினான். 157ஆம் நிலையில் விளையாட்டு நின்றது. 34 ஆண்டுகள் மனிதரை வென்ற ஓர் ஆட்டம், அந்த ஒரு முறை ஆடுவோருக்கு முன்னரே ஓய்ந்துபோயிற்று.

தோல்வி யாருடையது?

வீட்டில் வாங்கி வைத்து ஆடும் விளையாட்டுகள் பெருகியபின் நாணயத்துக்குத் தேவையில்லை. ஒரு முறை விலை கொடுத்தவரைத் தோற்கடித்து விற்பவர் பெறும் பயன் யாதுமில்லை. ஆகவே 2000க்குப் பின் பல விளையாட்டுகள் எளிமையை நாடின. அக்காலத்தில் ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தைச் சேர்ந்த ஹிடெடாகா மியாசாகி எதிர்த்திசையில் நடந்தார். அவர் இயக்கத்தில் 2009இல் 'டீமன்ஸ் சோல்ஸ்', 2011இல் 'டார்க் சோல்ஸ்' ஆகியவை வெளிவந்தன. ஆடுவோர் இறக்கும்போதெல்லாம் 'நீ மடிந்தாய்' என்னும் பொருளில் இரு ஆங்கிலச் சொற்கள் திரையை நிறைக்கும். அச்சொற்களை ஓர் ஆட்டக்காரர் நூற்றுக்கணக்கான முறை காண நேரும். இவ்வழியில் வந்த 'எல்டன் ரிங்', 2022இல் வெளியாகி ஓராண்டுக்குள் 2 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றது.

இவ்வளவு துன்புறுத்தும் ஒன்றை மக்கள் ஏன் விலை கொடுத்து வாங்குகின்றனர்? விடை அதன் நேர்மையில் இருக்கிறது. பகைவன் வாளை ஓங்கும்போது அவன் தோள் முதலில் அசைகிறது. அதனைக் கண்டவர் விலக இயலும். மறைந்திருக்கும் எதிரி, அடுத்த முறையும் அதே மூலையில்தான் இருப்பான். இறந்தவர் தாம் கடைசியாக இளைப்பாறிய தீமூட்டத்தின் அருகே மீண்டும் எழுகிறார். அவர் ஈட்டிய செல்வம் இறந்த இடத்திலேயே கிடக்கிறது. அங்குச் சென்று சேர்ந்தால் மீட்கலாம். வழியில் மறுபடியும் இறந்தால் முற்றிலும் போய்விடும். முதல் முறை அச்சத்தோடு ஊர்ந்து சென்ற தாழ்வாரத்தை, பத்தாம் முறை அவர் ஓடிக் கடக்கிறார். விளையாட்டு எளிதாகவில்லை, அவர் கற்றுக்கொண்டார்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் ஜெஸ்பர் யூல், 2013இல் வெளியிட்ட 'தோல்வியின் கலை' என்னும் பொருள்படும் நூலில், இதனைத் தோல்வியின் முரண் எனக் குறிப்பிட்டு, அவல நாடகங்களை மக்கள் விரும்பிக் காண்பதோடு ஒப்பிடுகிறார். கோவலன் கொலையுண்பான் என்று அறிந்தே நாமும் சிலப்பதிகாரத்தைக் கையில் எடுக்கிறோம். ஆனால், அவலக் காப்பியத்தைப் படிப்பவருக்கும் விளையாட்டில் தோற்பவருக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கோவலனின் வீழ்ச்சிக்குப் படிப்பவர் பொறுப்பாளர் அல்லர். விளையாட்டில் வீழ்ந்ததற்கோ, ஆடியவரே பொறுப்பு. வலியும் அங்கேதான், திரும்பி வரச் செய்யும் விசையும் அங்கேதான்.

பொறுப்பு ஆடுவோரிடமிருந்து விலகினால் விசையும் போய்விடும். 1986இல் ஜப்பானில் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' இதனை விளக்கும். அதில் உண்டால் உயிர் போக்கும் நச்சுக் காளான்கள் இருந்தன. தாவும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கற்கள் தலையில் இடித்தன. முன்னேறியவரைப் பின்னுக்கு அனுப்பும் குறுக்கு வழிகளும் இருந்தன. நின்டென்டோவின் அமெரிக்கக் கிளை இதனை ஏற்கத் தயங்கியது. வேறொரு ஜப்பானிய விளையாட்டை மாற்றியமைத்து, அதே பெயரில் 1988இல் அங்கு வெளியிட்டனர். அறியாமல் மிதித்த பொறியில் விழுந்தவருக்குத் தம்மீது சினம் வருவதில்லை. பொறி வைத்தவர்மீதே வரும்.

மறைந்திருக்கும் இரக்கம்

கடுமையான விளையாட்டுகளுள் சிறந்தவை, வெளியே காட்டாத இரக்கம் உடையவை. 2018இல் மேடி தோர்சனும் நோயல் பெரியும் தம் குழுவினரோடு உருவாக்கிய 'செலெஸ்ட்' அத்தகையது. மேடலின் என்னும் பெண் ஒரு மலையை ஏறுவதே கதை. முட்கள், பிளவுகள், நகரும் பாறைகள் நிறைந்த ஒவ்வொரு திரையிலும் பலமுறை இறக்க நேரும். ஆனால், பாறை விளிம்பைக் கடந்து கால் காற்றில் சென்றபின்னும், மிகச் சிறிய நேரம்வரை தாவுவதற்கு விளையாட்டு இசைவளிக்கிறது. ஆடுவோரின் கண்ணுக்கு இது தெரியாது; 'சரியான கணத்தில் தாவினேன்' என்றே அவர் எண்ணுவார். மலைமுகட்டைத் தாண்டி ஓடிய பின்னரும், கீழே பார்க்கும்வரை விழாமல் நிற்கும் பழைய கேலிச்சித்திரப் படத்தின் ஓநாய் போன்ற விலங்கை நினைந்து, வடிவமைப்பாளர்கள் இதற்குக் 'கயோட்டி நேரம்' எனப் பெயரிட்டுள்ளனர்.

செலெஸ்டில் இறந்தவர் அடுத்த நொடியே அதே திரையின் தொடக்கத்தில் நிற்கிறார். இறந்த எண்ணிக்கையை விளையாட்டு மறைப்பதில்லை. அது கற்றலின் அடையாளம் என்று பெருமைப்படவும் சொல்கிறது. வகுப்பறையில் பணியாற்றுவோர் இதனைச் சற்றுப் பொறாமையோடுதான் நோக்க வேண்டியுள்ளது. மாணவர் ஒரு கணக்கில் செய்த பிழை, திருத்திய விடைத்தாள் கைக்கு வரும்வரை அவருக்குத் தெரிவதில்லை. வரும்போது பிறர் முன்னிலையில் வருகிறது. விளையாட்டோ பிழையை அக்கணமே காட்டுகிறது, தனிமையில் காட்டுகிறது, திருத்திக்கொள்ள உடனே மறுவாய்ப்பும் தருகிறது.

நூலிழைத் தோல்வியும் அதன் விலையும்

இதுவரை கூறியவற்றால் தோற்கடிக்கும் விளையாட்டுகள் யாவும் நல்லாசிரியர் என எண்ணிவிடலாகாது. ஒரே இழுவிசையை வேறொரு நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம்.

2009இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சூதாட்டச் சுழல் இயந்திரத்தைப் போன்ற ஓர் ஆட்டத்தைக்கொண்டு சோதனை ஒன்றை நடத்தினர். வெற்றிக்குரிய படம், நிற்க வேண்டிய கோட்டுக்கு ஓரிடம் முன்னரோ பின்னரோ நின்றுவிட்டால் அது நூலிழைத் தோல்வி. முழுத் தோல்வியைவிட அது மிகுந்த கசப்பைத் தந்ததாக ஆடியோர் கூறினர்; எனினும், தொடர்ந்து ஆடும் விருப்பம் அப்போது கூடியது. வெற்றியின்போது மூளையில் கிளர்ச்சியுறும் பகுதிகள் நூலிழைத் தோல்வியின்போதும் கிளர்ச்சியுற்றன. படத்தை ஆடுவோர் தாமே தேர்ந்தெடுத்த ஆட்டங்களில்தான் அவ்விருப்பம் மிகுந்தது என்பது கருதத்தக்கது. தேர்வு யாருடையதாயினும் வெற்றி வாய்ப்பு ஒன்றே. ஆயினும், 'என் கை பட்டது' என்னும் எண்ணமே போதுமானதாயிற்று.

இப்போது பறவையை நினைவுகூர்வோம். குழாயின் விளிம்பில் பறவை இடித்தால், 'அரை நொடி தாமதித்தேன்' என்று ஆடுவோர் அறிகிறார். அது செய்தி, அடுத்த முறைக்கு உதவும். சுழல் இயந்திரத்தின் படம் ஓரிடம் தள்ளி நின்றால் அதிலிருந்து கற்க எதுவுமில்லை. நூறு முறை ஆடினும் நூற்றோராவது ஆட்டத்தில் அவர் முதல்நாள் நின்ற இடத்திலேயே நிற்கிறார். இரண்டும் ஒரே உணர்வையே எழுப்புகின்றன. ஒன்று மட்டுமே கையில் எதையேனும் வைத்துச் செல்கிறது.

2012இல் கிங் நிறுவனம் வெளியிட்ட 'கேண்டி கிரஷ் சாகா' இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மிட்டாய்களை இடம் மாற்றி வரிசைப்படுத்துவதில் திறமைக்கும் இடமுண்டு. மேலிருந்து எந்த மிட்டாய் விழும் என்பதில் தற்செயலுக்கும் இடமுண்டு. இன்னும் ஒரே ஒரு கட்டம் எஞ்சியிருக்கையில் நகர்த்தல்கள் தீர்ந்துபோகும். அப்போது திரை, மேலும் ஐந்து நகர்த்தல்களை விலைக்குத் தர முன்வருகிறது. மறுத்துத் தோற்றால் ஓர் உயிர் போகும். ஐந்து உயிர்களும் போனால், ஓர் உயிர் திரும்ப முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். அல்லது பணம் செலுத்த வேண்டும். நாணயப் பெட்டியின் பழைய கணக்கு இங்கே புதிய உருவில் திரும்பியிருக்கிறது. அன்று ஆட்டத்துக்குக் காசு. இன்று ஆட்டத்தில் ஏற்படும் எரிச்சல் தீர்வதற்குக் காசு. எரிச்சலைத் தணிப்பதே விற்பனைப் பொருளானபின், அவ்வெரிச்சல் குறையாமல் பார்த்துக்கொள்வது விற்பவரின் தொழிலாகிவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பகுப்புப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் விளையாட்டு ஒழுங்கின்மை ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. ஆடுவதன்மீது கட்டுப்பாடு இழத்தல், பிற ஆர்வங்களையும் அன்றாடக் கடமைகளையும் பின்தள்ளி ஆட்டமே முதன்மை பெறுதல், தீய விளைவு கண்டும் தொடர்தல் ஆகியவை அதன் கூறுகள். இந்நிலை பொதுவாக 12 மாதங்கள் நீடித்திருந்தால்தான் அது நோயென உறுதிசெய்யப்படும். மிகுதியாக ஆடுவோர் அனைவரும் நோயாளர் ஆகார்.

பறவையைப் பறக்கவிடாதவர்

டோங் நுயென் எரிச்சலை விற்கவில்லை. அவர் விளையாட்டில் வாங்குவதற்கு எதுவுமில்லை; ஓரத்தில் தோன்றிய விளம்பரமே வருவாய். அது நாளொன்றுக்கு 50,000 டாலர் அளவுக்கு உயர்ந்ததாக அப்போது செய்திகள் வெளிவந்தன. ஆட்டமோ நேர்மையானது, பிழை ஒவ்வொன்றும் ஆடுவோரின் பிழை. அவ்வாறாயின் 2014 பிப்ரவரி 8 அன்று, 22 மணி நேரத்தில் அதனை நீக்கப்போவதாக அவர் ஏன் அறிவித்தார்?

அவருக்கு வந்த மடல்கள் ஒரு காரணம். வேலையை இழந்தோர் எழுதினர். பிள்ளைகளோடு பேசுவதையே நிறுத்திவிட்ட தாய் ஒருவரின் செய்தி வந்தது. தம் பள்ளி மாணவர் பதின்மூவர் சினத்தில் திறன்பேசிகளை உடைத்துவிட்டு, பின்னரும் அதையே ஆடுவதாக ஒருவர் தெரிவித்தார். முதலில் அவர் இவற்றை வேடிக்கையாகவே கருதினார். பின்னர், தாம் பள்ளியில் பயின்ற காலத்தில் 'கவுண்டர் ஸ்ட்ரைக்' என்னும் விளையாட்டில் மூழ்கித் தேர்வுகளில் தோற்றது அவர் நினைவுக்கு வந்தது. சில நிமிடம் ஆடி இளைப்பாறுவதற்காகச் செய்த ஒன்று, பலருக்கு விடமுடியாத பழக்கமாகிவிட்டது என்று நேர்காணலில் அவர் கூறினார். நீக்கியபின் மனம் அமைதியுற்று உறங்கியதாகவும் சொன்னார். அவ்விளையாட்டு ஏற்கெனவே பதிவாகியிருந்த திறன்பேசிகளைச் சிலர் இணையச் சந்தையில் பெருவிலை கூறி விற்க முன்வந்தனர்.

இதில் ஒரு சிக்கல் அவிழாமல் நிற்கிறது. ஆட்டத்தின் நேர்மை வேறு. அது உண்ணும் நேரத்தின் அளவு வேறு. நன்றாகக் கற்பிக்கும் விளையாட்டும் ஓர் இரவின் உறக்கத்தை முழுமையாக எடுத்துக்கொள்ள வல்லது. கற்பிப்பதும் பெரும்பாலும் அவ்விளையாட்டுக்குள் மட்டுமே பயன்படும் திறன். குழாய்களுக்கிடையே பறவையைச் செலுத்தப் பழகிய விரல், வேறெங்கும் அவ்வாறு செலுத்தப் போவதில்லை. இதனை ஆடுவோர் அறிந்தே ஆடினால் குற்றமில்லை என்பதே இக்கட்டுரையாளர் கருத்து. கதைப்புத்தகமும் கேரம் பலகையும் நம்மிடம் கேட்பதும் அதுதான்.

குடத்துள் ஒரு மனிதர்

2017இல் ஆஸ்திரேலியரான பென்னட் ஃபோடி வெளியிட்ட 'கெட்டிங் ஓவர் இட்' என்னும் விளையாட்டைக் கூறாமல் இப்பொருள் நிறைவுறாது. ஃபோடி தத்துவம் பயின்றவர். அடிமைப்பழக்கம் பற்றி ஆய்வு செய்தவர். பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வடிவமைப்பைக் கற்பித்தவர். 2008இல் அவர் செய்த 'குவாப்' என்னும் விளையாட்டில், ஓட்ட வீரர் ஒருவரின் தொடைகளையும் கெண்டைக்கால்களையும் விசைப்பலகையின் நான்கு விசைகளால் தனித்தனியே இயக்க வேண்டும். நூறு மீட்டர் ஓடுவது இருக்கட்டும், பலரால் அவரை இரண்டடி நடத்தவும் இயலவில்லை.

'கெட்டிங் ஓவர் இட்' விளையாட்டின் நாயகர், பெருஞ்சாடியில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கிரேக்க ஞானி டயோஜெனிசின் பெயர் கொண்டவர். இடுப்புக்குக் கீழே இரும்புக் குடத்துள் இருக்கிறார். கையில் ஒரு நீண்ட சம்மட்டி. அதனைப் பாறையில் மாட்டியும் ஊன்றியும் மலையேற வேண்டும். சுட்டியை அசைப்பதைத் தவிர வேறு கட்டுப்பாடு இல்லை. இடையில் தங்கி, அதுவரை ஏறியதைச் சேமித்துக்கொள்ளும் வசதி இல்லை. கை சற்றே பிசகினால், மூன்று மணி நேரம் ஏறிய உயரம் மூன்று நொடியில் போய்விடும். விழும்போது ஃபோடியின் குரல் மெல்ல ஒலிக்கிறது. தோல்வியைப் பற்றிய பெரியோர் கூற்றுகளைச் சொல்லி ஆறுதல் கூறுகிறது. அவ்வாறுதல் பலருடைய சினத்தை மேலும் வளர்த்தது என்பது வேறு செய்தி.

மலையின் மேற்பகுதியில் ஒரு பாம்பு இருக்கிறது. அதன்மீது ஏறாதே என்னும் அறிவிப்பும் இருக்கிறது. ஏறியவர் அடிவாரத்துக்கே வந்து சேர்வார். பரமபதம் ஆடியவர்களுக்கு அந்தப் பாம்பு புதியதன்று. பரமபதத்தில் பாம்பின் வாயில் நம்மைச் சேர்ப்பது தாயக்கட்டை. ஆகவே சிரித்துக்கொண்டே இறங்குகிறோம். இங்கோ சேர்த்தது நம் கை.

வீழ்ந்தவரிடமிருந்து உயரத்தைப் பறிக்க இவ்விளையாட்டால் இயலும். சம்மட்டியைப் பிடிக்கப் பழகிய கையைப் பறிக்க இயலாது. முதல் ஏற்றத்துக்குப் பல மணி நேரம் செலவிட்ட மலையை, நன்கு பழகியோர் இரண்டு நிமிடத்துக்குள் ஏறி முடிக்கின்றனர். இதில் காசு கொடுத்து வாங்கத்தக்க ஏணி ஏதுமில்லை. உச்சியை அடைந்தவருக்குப் பதக்கமோ வாணவேடிக்கையோ காத்திருப்பதில்லை. ஆட்டத்தைப் பதிவு செய்துகொண்டிருக்கிறீரா என்று திரை வினவுகிறது. இல்லை என்று விடையளித்தால் ஓர் உரையாடல் அறை திறக்கிறது. சற்று முன்னர்தான் அம்மலையை ஏறி முடித்த வேறு சிலர் அங்கே பேசிக்கொண்டிருப்பர்.